அத்தானுக்கு மணி காட்டியவள்

பல் டாக்டரின் மச்சினிக்கு அவருடைய கிளினிக்கிலேயே டோக்கன் கொடுக்கிற வேலை. கூட்டமில்லாத நேரங்களில் வீடியோ பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். முதல் படைப்பாகக் கணினியில் ஒரு ஜன்னலைத் திறந்தாள்: அதில் பூசணிக்காய் அளவில் டோக்கன் எண், கீழே 'அடுத்தவர்' என்று ஒரு பொத்தான். காத்திருப்பவர்கள் பார்ப்பதற்குச் சுவரில் இன்னொரு திரை. மூலையில் மணியும் தெரிந்தால் மூக்கும் முழியுமாக இருக்குமே என்று ஆசைப்பட்டாள். வந்தது வினை.

முதல் நாள் காலையில் மணி ஒன்பது என்று காட்டியது. மத்தியானமும் ஒன்பதுதான். திறந்தபோது ஒருமுறை மணியைப் பார்த்து எழுதிவிட்டுப் புரோகிராம் தூங்கப் போயிருந்தது. பத்தரைக்கு வந்த டாக்டர் சுவரைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"பாத்தியா, கரெக்டா வந்துட்டேன்!"

"அது நின்னுபோச்சு அத்தான்."

"நல்லாத்தானே இருக்கு. கை வைக்காத."

கை வைத்தாள். 'மணி' என்று புதிதாக ஒரு பொத்தான். அதை அமுக்கினால் மணியைப் பார், எழுது, மறுபடி பார் என்று முடிவே இல்லாமல் சுற்றும். நாலாம் டோக்கன் உள்ளே போனதும் அமுக்கினாள். ஜன்னல் அப்படியே விறைத்துப்போனது. மணியும் நகரவில்லை, எண்ணும் நகரவில்லை.

நாலாம் டோக்கன் ஒரு லாரி டிரைவர். சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்து, பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்து உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். இன்னும் நாலாம் எண்தான். எழுந்து மறுபடி உள்ளே போனார். டாக்டரும் ஊசியை எடுத்துவிட்டார். "இன்னும் எத்தனங்க?" என்று பஞ்சுக்குள்ளிருந்து ஈனசுரத்தில் கேட்டதால் மீதிப் பற்கள் பிழைத்தன.

மச்சினிக்கு அன்றுதான் உறைத்தது. ஜன்னலுக்கு வேலைக்காரன் ஒரே ஆள். அவனை மணி பார்க்கவே நிறுத்திவைத்தால் பொத்தானை யார் கவனிப்பது? 'போய் உன் வேலையைப் பார், ஒரு நொடி கழித்து வந்து மணியை மாற்று' என்று எழுதினாள். நொடிகள் துள்ள ஆரம்பித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓர் ஆட்டம் போட்டாள்.

மறுநாள் டாக்டர் பத்தரைக்கு நுழைந்தார். எல்லாத் தலைகளும் அவரைப் பார்த்தன, சுவரைப் பார்த்தன, திரும்ப அவரைப் பார்த்தன. வீங்கிய கன்னங்களால் பேச முடியவில்லை; கண்கள் திட்டின.

"அத எடுத்துடு."

"முடியாது அத்தான். பல்லத்தான் எடுப்பாங்க, மணிய எடுக்க மாட்டாங்க."

தங்கையைக் கண்டிக்கச் சொல்லி டாக்டர் மனைவிக்குப் போன் போட்டார். சுத்தமான சேம்சைடு கோல். அக்கா வந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், தங்கையிடம் இரண்டு வார்த்தை விசாரித்தாள், புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எட்டரைக்கு வீட்ட விட்டுக் கிளம்புறீங்க. வண்டியில பத்து நிமிஷம். பத்தரை வரைக்கும் எங்க இருக்கீங்க?"

பதில் வர அரை நிமிடம் ஆனதை எல்லோரும் சுவரில் பார்த்தார்கள்.

"செஸ்," என்றார். பக்கத்துத் தெரு மெக்கானிக்கோடு. பெரும்பாலும் தோல்விதானாம்.

அடுத்த நாள் அக்காவே வண்டி ஓட்டிவந்து ஒன்பதுக்கு முன்னால் அவரை இறக்கிவிட்டுப் போனாள். கிளினிக்கில் ஈ காக்கை இல்லை. டாக்டரின் லட்சணம் தெரிந்த நோயாளிகள் பத்துக்கு மேல்தான் வருவார்கள். அவர் தன்னந்தனியாக உட்கார்ந்து நொடிகளை வெறித்தார்.

"இத கொஞ்சம் வேகமா ஓட விட முடியாதா?"

"விடலாம் அத்தான். அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

டாக்டர் கேட்கவில்லை.