பக்கத்து வீடு வரை ஒரு பள்ளிக்கூடம்

செருப்பு அலமாரியின் மேல் ஒரு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. நடக்கிறது என்று கண்ணாடிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் என்பது ஒரு கறுப்புப் பெட்டி. ஷூ டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், முகத்தில் ஒரு பச்சை விளக்கு. பக்கத்திலிருந்த வைஃபை பெட்டியோடு நீல வயரால் கட்டிப்போட்டிருந்தது. குடும்பப் போட்டோக்களைச் சேர்த்துவைக்க என்று வாங்கியது. சேர்த்ததில் பாதிப் போட்டோவில் கண்ணாடிக்காரரின் கட்டைவிரல்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அந்தப் பேச்சு விடவில்லை. சட்டை எடுக்கப் போனாலும் அதே கேள்வி, தலையணை உறை மாற்றினாலும் அதே கேள்வி. அவர் மனைவி தையல் டீச்சர். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

டீச்சர் ஒரு தையல் பயிற்சி நிலையத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள். புதிதாக வந்த மேனேஜர், பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, காலர் பாடம் வேண்டாம், ஜிப் பாடம் வேண்டாம், சர்டிபிகேட் மட்டும் கொடுத்தால் போதும் என்றார். காலர் வைக்கத் தெரியாத பெண்ணுக்குத் தன் கையால் சர்டிபிகேட் கொடுப்பதா? டீச்சர் தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் மார்தட்டினார். "அவன் கிடக்கிறான். ஊரான் இடம் எதுக்கு நமக்கு? நம்ம பாடம் நம்ம வீட்லயே இருக்கட்டும். பெட்டி சும்மாதானே கிடக்கு?"

சொன்னபடி செய்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை இறக்கிப் பெட்டிக்குள் ஏற்றினார். பாடம், வீடியோ, தேர்வு, மதிப்பெண், எல்லாம் அதில் உண்டு. டீச்சரின் கைகளை போனில் படம் பிடித்தார். காலர் வெட்டுவது, கைப்பகுதியைத் தோளில் பொருத்துவது, ஜிப் வைப்பது என்று ஒவ்வொன்றாக ஏற்றும்போது பெட்டி கரகரவென்று சத்தம் போட்டது. "இந்தச் சனியனைத் தூக்கி வெளிய வைங்க, தலை வலிக்குது" என்று டீச்சர் கத்தினாலும், திரையில் தன் பாடங்கள் வரிசையாக வந்து நின்றபோது அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். வேலையை விட்ட நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் இல்லை.

பழைய மாணவிகள் எல்லாரும் சேருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு அனுப்ப வேண்டிய தகவலைத் தானே எழுதுகிறேன் என்றார் கண்ணாடிக்காரர். ஒரு ஆபீஸே சேர்ந்து எழுதியதுபோல் எழுதினார். "கீழ்க்கண்ட இணைய எண்ணைத் தட்டினால் தளம் திறக்கும். டீச்சரால் அனுமதிக்கப்பட்டவர்கள் மட்டுமே உள்ளே வர இயலும். சந்தேகம் இருந்தால் டீச்சரைப் போனில் தொந்தரவு செய்யக் கூடாது. தளத்தின் உதவிப் பக்கத்தில் மட்டுமே எழுதவும்."

"என்னங்க இது, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி?"

"கட்டுப்பாடு வேணும்மா. இல்லன்னா தலையில ஏறி உட்காந்துக்குவாங்க."

ஏறி உட்காருவது இருக்கட்டும், எட்டிக்கூட யாரும் பார்க்கவில்லை. ஒரு வாரம் போனது, அடுத்த வாரமும் போனது. மாணவர் பட்டியலில் உள்ளே வந்ததாக ஒரே ஒருத்தர் பெயர்தான் இருந்தது. "சோதனை மாணவர்." அது கண்ணாடிக்காரரேதான். காலர் தேர்வில் பாஸ், ஜிப் தேர்வில் பெயில். பெட்டி சத்தம் காட்டாமல் பச்சை விளக்கை மட்டும் எரித்துக்கொண்டு ஈ ஓட்டியது.

"உங்க பெட்டிலதான் ஏதோ கோளாறு" என்றாள் டீச்சர்.

"கோளாறா? ஹால்ல பாத்தேன், அடுப்படில பாத்தேன், மொட்டைமாடில தண்ணித் தொட்டி மேல ஏறிப் பாத்தேன். எங்கயும் பளிச்சுனு வருது. அதுவும் போதாதுன்னு வெளியிலிருந்தும் சோதனை பண்ணியாச்சு. பக்கத்து வீட்டு அக்காவை அவங்க வீட்ல, அவங்க போன்ல, அவங்க நெட்டுல திறக்கச் சொன்னேன். சினிமா மாதிரி ஓடுச்சு. நீ வேணா அவங்களையே கேளு."

"தம்பி திறக்கலன்னு சொன்னானே?"

"உன் தம்பிக்கு பிஸ்கட் பாக்கெட்டே திறக்கத் தெரியாது. அவன் பேச்சை ஒரு பேச்சுன்னு எடுத்துக்கிட்டு! குறை இருந்தா உதவிப் பக்கத்துல ஒருத்தராவது எழுதியிருக்க மாட்டாங்களா? ஒரு புகார், ஒரே ஒரு புகார் காட்டு பாப்போம்."

டீச்சரால் காட்ட முடியவில்லை. பெட்டியில் கோளாறு இல்லை என்றால் கோளாறு தன்னிடம்தான் என்று நினைத்தாள். அதட்டி அதட்டிப் பிரிக்கச் சொன்ன தையல்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பிள்ளைகள் முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு, அப்பாடா தொலைந்தாள் என்று இருந்துவிட்டார்களோ? போன் போட்டுக் கேட்கவும் மனம் வரவில்லை. வாங்க வாங்க என்று கெஞ்சுவதற்கு அவள் என்ன, கூவிக்கூவியா விற்கிறாள்?

இந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது. "டீச்சர், ஆன்லைன்ல ஆளே வரலன்னு கேள்விப்பட்டேன். பரவால்ல, திரும்ப வந்துடுங்க. காலர் ஜிப் எல்லாம் பேசக் கூடாது, அது மட்டும்தான். நாளைக்குச் சாயங்காலம் கூப்பிடுறேன், முடிவைச் சொல்லிடுங்க."

மறுநாள் காலை டீச்சர் பட்டன் கடைக்குக் கிளம்பியபோது முடிவு ஏறக்குறைய எடுத்தாகிவிட்டது. நிலையத்துக்குத் திரும்புவது. வாயை மூடிக்கொண்டு சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவது. நினைக்கவே கொடுமையாக இருந்தது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

பட்டன் கடை குறுகலானது. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகத்திலும் மாதிரிக்கு ஒரு பட்டன். நூல்கண்டு வரிசையின் பக்கம் நின்றவளைப் பார்த்ததும் டீச்சருக்கு முகம் மலர்ந்தது. அவளுடைய பழைய மாணவி. முதல் நாளே சட்டையின் தப்பான பக்கத்தில் அத்தனை பட்டனையும் தைத்துவைத்ததால் வகுப்பில் எல்லாரும் "பட்டன்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

பட்டன் டீச்சரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வாய் கேட்கவில்லை. "என்னம்மா, டீச்சரைப் பாத்தா ஒரு வார்த்தை பேசக்கூடத் தோணலயா?"

பட்டனின் கண் கலங்கிவிட்டது. "நான் பேசலயா டீச்சர்? நீங்கதானே என்னை வேணாம்னுட்டீங்க?"

"நானா?"

"தினமும் தட்டிப் பாக்கறேன். சுத்து சுத்துன்னு சுத்திட்டு 'அடைய முடியவில்லை'ன்னு வந்துடுது. நீங்க அனுமதிச்சவங்க மட்டும்தான் உள்ள வர முடியும்னு போட்டிருந்துச்சு. என்னைச் சேத்துக்கலன்னு புரிஞ்சிக்கிட்டேன். போன் பண்ணக் கூடாதுன்னும் போட்டிருந்துச்சு. நான் தைக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாதா… அதான் மத்தவங்ககிட்டகூடச் சொல்லல. வெக்கமா இருந்துச்சு."

"உதவிப் பக்கத்துல எழுதியிருக்கலாமே?"

"அந்தப் பக்கம் உள்ளதானே டீச்சர் இருக்கு? உள்ளயே விடலயே, நான் எங்க போய் எழுதறது?"

டீச்சர் தன் போனை எடுத்து அந்த எண்ணைத் தட்டினாள். வீட்டுக்கு வெளியே அவள் அதைத் திறந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. சக்கரம் சுற்றியது. கடைக்காரர் பட்டன்களை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து முடிக்கும்வரை சுற்றியது. பிறகு, அடைய முடியவில்லை.

"அடப்பாவி மனுஷா, என்னையே சேத்துக்கலயே!" என்றாள் டீச்சர். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது. பிள்ளைகள் கைவிடவில்லை. கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், ஒவ்வொருத்தியும் தன்னை மட்டும்தான் சேர்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

பட்டனின் கையைப் பிடித்து, "உன்னைத்தான் முதல்ல சேத்திருக்கேன். சாயங்காலம் பாரு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அன்று கண்ணாடிக்காரருக்கு விடுமுறை. விஷயத்தைக் கேட்டும் அவர் அசைந்து கொடுக்கவில்லை. "இருக்கவே இருக்காது. பக்கத்து வீட்ல வந்துச்சே! அவங்க வீடு அவங்க நெட்டு. அது வெளியதானே?"

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன முழிக்கிறே?"

"ஏங்க, கோவப்படக் கூடாது."

"இப்பவே கோவம் வருது. சொல்லு."

"பக்கத்து வீட்டு அக்காவோட மகளுக்குக் குழந்தை பிறந்துச்சுல்ல? அவங்க நெட்டு கட்டாகிப் போச்சு, பேரப்பிள்ளை முகத்தைப் பாக்க முடியலன்னு அழுதாங்க. மனசு கேக்கல. நம்ம வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அப்புறம் அவங்க நெட்டை மறுபடி போடவே இல்ல."

பாஸ்வேர்ட் வெளியே போவதும் வீட்டுச் சாவி வெளியே போவதும் ஒன்று என்று வீட்டில் வகுப்பெடுப்பவர் கண்ணாடிக்காரர். அவர் முகம் போன போக்கைப் பார்த்து டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "அதான், 'சூப்பரா வருது தம்பி'ன்னு சொல்லும்போது அந்தம்மா என் முகத்தைப் பாக்காம ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தாங்க" என்று அவர் முணுமுணுத்தார். பிறகு மாணவிகளுக்குத் தான் கொடுத்த எண்ணை எடுத்துப் பார்த்தார், கம்ப்யூட்டரைத் திறந்து ஏதோ படித்தார், மெதுவாகத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னங்க?"

"நான் கொடுத்தது வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகுற எண்ணும்மா. நம்ம வைஃபைக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் அது நம்ம பெட்டி. வெளிய யாருக்கும் அது யார்னே தெரியாது."

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். "அதாவது, நான் வீட்ல 'ஏங்க'ன்னா நீங்க திரும்புவீங்க. பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு 'ஏங்க'ன்னா?"

"வேற எவனாவது திரும்புவான்."

"பிள்ளைங்க எல்லாரையும் பஸ் ஸ்டாண்டுல நிக்கவச்சு 'ஏங்க'ன்னு கூப்பிட விட்டிருக்கீங்க."

கண்ணாடிக்காரர் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வெளியே செல்லுபடியாகும் ஒரு பெயரைப் பதிவு செய்தார். அந்தப் பெயரைச் சொல்லி வருபவர்களைப் பூட்டுப் போட்ட பாதை வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்பும்படியும், போட்டோ இருக்கும் பக்கம் விடாதபடியும் வைஃபை பெட்டியில் வழி செய்தார். நெட் கம்பெனிக்காரரிடம் போனில் மல்லுக்கட்டினார். எல்லாம் முடிந்ததும், வெளியிலிருந்து சோதிக்க நம்பகமான ஓர் ஆள் வேண்டியிருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, ஒரு பேர் அனுப்பியிருக்கேன். திறந்து பாரேன்."

"திறந்துடுச்சு மாமா! அக்கா கை தெரியுது. கூடவே யாரோட முழங்கையோ தெரியுது."

"அது என்னோடதுதான்" என்றார் கண்ணாடிக்காரர், பெருமையும் அசடும் சேர்ந்து வழிய.

இந்தத் தடவை தகவலை டீச்சரே எழுதினாள். "பிள்ளைங்களா, நான் யாரையும் வேணாம்னு சொல்லல. உங்க எல்லார் பேரையும் என் கையாலதான் சேத்தேன். கதவுதான் மாட்டிக்கிச்சு. இப்ப திறந்தாச்சு, வாங்க. ஏதாவது தடங்கல்னா எனக்குப் போன் பண்ணுங்க." அனுப்பிவிட்டுச் செருப்பு அலமாரிக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. இனிமேல் யார் வரப்போகிறார்கள், எல்லாரும் வேறு எங்காவது சேர்ந்திருப்பார்கள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போது பெட்டிக்குள் 'கரக்' என்றது.

கண்ணாடிக்காரர் திரையைப் பார்த்து, "பட்டன் வந்துட்டா" என்றார். "நேரா காலர் பாடத்துக்குப் போறா."

மறுபடி ஒரு கரக். இன்னொருத்தி. பிறகு கரகரவென்று விடாமல் சத்தம். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க, அந்த ஃபேனை நிறுத்துங்க. சத்தம் சரியாக் கேக்கல."

போன் அடித்தது. மேனேஜர்.

"என்ன டீச்சர், முடிவு பண்ணிட்டீங்களா?"

"அப்புறம் பேசுறேன் சார். கிளாஸ் நடந்துக்கிட்டிருக்கு."

"கிளாஸா? வீட்லயா? ஒரு சத்தத்தையும் காணோமே?"

டீச்சர் போனைக் கொண்டுபோய்ப் பெட்டியின் முதுகில் வைத்தாள்.

"கேக்குது கேக்குது. என்ன அது, மெஷினா?"

"இல்ல சார்" என்றாள் டீச்சர். "பிள்ளைங்க."