சித்தப்பாவுக்கு வைத்த பிண்டம்

உயிரோடு இருக்கிற சித்தப்பாவுக்குப் பிண்டம் வைத்துவிட்டேன். வேண்டுமென்றே செய்யவில்லை. ஈர வேட்டியோடு ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பா பெயர், தாத்தா பெயர் சொல்லியாயிற்று. "கொள்ளுத்தாத்தா பேரு?" என்றார் புரோகிதர். இடத்துக்காகப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பரீட்சை ஹாலில் விழித்த அதே முழி. வாயில் வந்த பெயரைச் சொல்லிவைத்தேன். எள்ளும் தண்ணீரும் விட்டு, சோற்று உருண்டையை ஆற்றில் போட்டுக் கும்பிட்ட பிறகுதான் உறைத்தது. சொன்னது சித்தப்பாவின் பெயர்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

சித்தப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; தனிக்கட்டை. எப்போது கூப்பிட்டாலும் உடனே எடுத்து, நான் வாயைத் திறக்குமுன், "எனக்கென்னடா, குண்டுக்கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். காய்ச்சலில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார்.

"சாமி, உசுரோட இருக்கறவருக்கு வெச்சுட்டேன். ஏதாவது ஆயிடுமா?"

புரோகிதர் என் விரலிலிருந்த புல் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். "இந்தப் படி, கோயில் எதுவும் இல்லாத காலத்துல, ஒருத்தனோட அண்ணனை ஆறு அடிச்சிட்டுப் போயிடுச்சாம். உடம்பு கிடைக்கல. இருக்கானா, செத்தானான்னு தெரியாமலே, பசிக்குமேன்னு இங்க சோத்தை உருட்டி வெச்சானாம். அதைப் பாத்துதான் ஜனங்க வர ஆரம்பிச்சாங்கன்னு எங்கப்பா சொல்வார்."

"அந்த அண்ணன் திரும்பி வந்தாரா?"

"அடுத்தவங்க உட்காரணும். கொஞ்சம் நகருங்க."

நகர்ந்தேன். கால்தான் நகர்ந்தது, உயிர் அங்கேயே நின்றது.

"அவர் கதையை முடிச்சிட்டதாவே முடிவு பண்ணிட்டீங்களா? மனுஷன் குளிச்சிட்டிருப்பாரு" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

"இவ்வளவு நேரமா? வீட்டுல யானையா குளிக்குது?"

சிரிக்கப் பார்த்தேன், பல் தந்தியடித்தது. அப்பா போன பிறகு என்னை 'டேய்' என்று கூப்பிட மிச்சமிருப்பவர் இவர் ஒருவர்தான். மறுபடி போன் போட்டேன். அவசரத்தில் எண் மாறி முதலில் வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த ஆள் திட்டியதுகூட ஆறுதலாக இருந்தது. அடுத்த முறை யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"சித்தப்பா! நல்லா இருக்கீங்களா?"

"இல்லடா. நேத்து ராத்திரியிலேர்ந்தே நெஞ்சை அழுத்துது. கதவைத் திறக்கக்கூட எந்திரிக்க முடியல. பயமா இருக்குடா. பக்கத்து வீட்டுல யாரையாவது அனுப்பு. நீயும் வா."