படத்தில் நீலமாயிருந்த லயம்

1

இந்தக் கதை நான் செய்த தவறிலிருந்து பிறந்தது. கஹவத்தைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் பவுசர் லொறி வருவது நின்றுபோனது. நிறுத்தியது நான் தயாரித்த படம். என் பெயர் யும்னா, ஊர் ஓப்பநாயக்க. செய்மதிப் பதிவுகளிலிருந்து நிலத்தின் வெப்பத்தையும், மண்ணும் மரங்களும் காற்றுக்கு விடும் நீரின் அளவையும் கணிப்பது என் வேலை.

(முதல் வரைவின் தொடக்கம்: 'எழுநூறு கிலோமீற்றர் உயரத்திலிருந்து பார்த்தால் சப்ரகமுவ ஒரு பச்சைக்...' அடித்துவிட்டேன். அங்கிருந்து மட்டும் பார்த்ததுதானே பிரச்சினை.)

2

வறட்சிக் காலம். என் படத்தில் சிவப்பு, காய்ந்த நிலம். நீலம், மரங்கள் நன்றாக நீர் விடும் நிலம். அந்தத் தோட்டம் முழுக்க நீலம். நிவாரண அதிகாரி கஜேந்திரன் அதைப் பார்த்து, தண்ணீர் இருக்கிறது என்று பவுசரை நிறுத்தினார். படம் குடிநீரைக் காட்டாது என்று பதினோராம் பக்க அடிக்குறிப்பில் எழுதியிருந்தேன்.*

* யாரும் படிக்காத இடத்தில் உண்மையை வைத்தவள் நான்தான். இங்கே நடுவிலேயே வைக்கிறேன்: றப்பர் வேர் ஆழமாகப் போகும். ஊற்று வற்றிய பிறகும் மரம் குடிக்கும்.

3

விஜயகலாவைப் பொறுமைசாலியாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.

அவள் அந்தத் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுபவள். பவுசர் நின்ற ஒன்பதாம் நாள், ஓடையிலிருந்து குடத்தோடு ஏறும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கத்தி பிடிக்கும் கை. கேள்விப்பட்டுப் போன என்னை அவள் உட்காரச் சொல்லவில்லை.

"மிஸ், இது நீங்க போட்ட படமா?"

"ஓ, நான் போட்டதுதான்."

"எங்க லயம் எது?"

ஒரு சதுரத்தைத் தொட்டுக் காட்டினேன். நூறு மீற்றர் நீள அகலம். அதற்குள் வரிசை வீடுகளான லயமும், ஊற்று நீர் விழுந்து இப்போது வற்றிய பீலியும், ஐந்நூறு மரங்களும்.

"மரம் குடிச்சது தெரிஞ்சிருக்கு. பீலி காஞ்சது தெரியலயா?"

"அவ்வளவு சின்னது தெரியாது."

"அப்ப தெரியாதுன்னு பெருசா எழுதுறதுக்கு என்னங்க?"

4

இருவரும் கஜேந்திரனின் அலுவலகம் போனோம்.

"புதுப் படம் கொண்டு வாங்க மிஸ், பாப்போம்," என்றார் கஜேந்திரன்.

"முகில் மூடியிருக்கு சேர். இப்ப படம் வராது."

"அப்ப நான் என்ன செய்ய?"

"பஸ்ஸுல வந்தா அரை மணித்தியாலம் சேர்," என்றாள் விஜயகலா. "வந்து பீலிய பாருங்க."

அவர் கோப்பைத் திறந்து வேறு எதையோ படித்தார். மேசையிலிருந்த என் அறிக்கையை இழுத்து, அட்டையில் சிவப்பு மையால் எழுதினேன்: 'இந்தப் படத்தை வைத்து எவருக்கும் குடிநீரை நிறுத்தக் கூடாது.' கையெழுத்திட்டு, கிடைத்ததாக சீல் வைக்கச் சொன்னேன். மறுத்தார். விஜயகலா வாங்கில் உட்கார்ந்தாள்.

"சீல் வைக்கிற வரைக்கும் இருக்கோம்."

நான்கு மணிக்கு வைத்தார்.

5

ஒரு முடிவில் மழை பெய்தது. அதிகாரிகளுக்கு வசதியான முடிவு, கிழித்தேன். இன்னொன்றில் கஜேந்திரன் பீலியடியில் தலைகுனிந்து நிற்கிறார். அவர் வரவே இல்லை.

நடந்தது இது. சீல் வைத்த நான்காம் நாள் பவுசர் வந்தது. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. விஜயகலாவின் கை கோணலாகக் கூடியது. இனி பால் வெட்ட முடியாது என்றார் டொக்டர். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"சரிங்க மிஸ்," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

பவுசர் வந்துவிட்டதே, கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேயே புத்தகத்தை மூடலாம். நான் மூடமாட்டேன்.