தானாய்ச் சேர்ந்த வட்டம்

சேவூர் சிவப்பிரகாசத்தின் மகள் ஜெயப்ரியா சென்னையில் ஐந்து வருஷமாக என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று அவருக்குச் சொல்லத் தெரியாததாலேயே மூன்று வரன்கள் தட்டிப்போயின. யார் கேட்டாலும் "கெமிஸ்ட்ரி" என்பார். அதற்கு மேல் கேட்டால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பட்டு வியாபாரத்தில் நாலு பேரை வாயடைக்கும் மனுஷன் இதில் மட்டும் திருதிருவென்று முழித்தார். நான்காவது வரன் வந்தபோது, வெட்கத்தை விட்டு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மகளையே கேட்டார்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு. நீளமாகச் செய்துவிட்டால் தானே மடிந்துகொள்ளும். மடிந்தவை ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஆறாறாய் வட்டம் கட்டும். ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. யாரும் சேர்த்துவைக்க வேண்டியதில்லை.

"தானா மடிஞ்சி தானா சேருதுன்னா, நீ இன்னாத்துக்கும்மா அங்க அஞ்சி வருஷமா குந்திகினு கீற?" என்றார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆரணிப் பக்கம் எதுவும் தானாக நடந்து அவர் பார்த்ததில்லை. முள்ளிப்பட்டுத் தறிக்காரர்களுக்கு நாலு முறை ஆள் அனுப்பினால்தான் ஒரு புடவை வந்து சேரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தவாசியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஜெயப்ரியாவும் முந்தின நாளே ஊருக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை ஹேமநாத், அவன் அப்பா தனகோடி, அம்மா ரேணுகாம்பாள், கூடவே தரகர் திருமலை. பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இடைஞ்சல் ஒன்றுதான். மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெயப்ரியாவுக்குச் சென்னையில் கடைசி வாய்மொழித் தேர்வு. அதை நடத்த வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர் அன்று சாயங்காலமே விமானம் ஏறிவிடுவார். அதற்குள் போய்ச் சேர ஊரிலிருந்து நாலு மணி பஸ் ஒன்றுதான், அதை விட்டால் ஐந்து வருஷமும் போச்சு.

தனகோடியோ நாளைக்கே தட்டு மாற்றிவிடலாம், கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்குத் தேர்வு எதற்கு என்றார். சிவப்பிரகாசம் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தார். இந்த வரனும் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

தன் வேலை இன்னதென்று புரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று ஜெயப்ரியா நம்பினாள். படித்த பெண் அல்லவா, அப்படித்தான் நம்புவாள். முகூர்த்தத்துக்குப் பார்க்க எடுத்துவைத்திருந்த பட்டுப் புடவைகளில் ஆறை நாலாய் மடித்து, அப்பா, அம்மா ராஜம்மாள், வந்தவர்கள் நால்வர் என ஆறு பேரிடமும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். வலக்கையில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இடக்கைக்கு எட்டும் இன்னொருவர் புடவையின் முனையைப் பற்றிக்கொள்ளச் சொன்னாள். யார் பக்கத்தில் யார் என்று சொல்லவில்லை. நடுவில் நின்றுகொண்டாள்.

கொஞ்சம் இடித்துக்கொண்டார்கள், ரேணுகாம்பாள் ஒருவர் காலை மிதித்தாள். பிறகு வட்டம் அழகாக மூடிக்கொண்டது. ஜெயப்ரியா கைதட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். திருமலையால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ரெண்டு குடும்பமும் பட்டால சேர்ந்துடுச்சுங்க. இனி எந்தக் கை மொதல்ல வுடுதோ, அந்த வூட்டாலதான் சம்மந்தம் முறிஞ்சதுன்னு அர்த்தம்."

அப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் கிடையாது. அந்த நிமிஷம் அவர் வாயில் பிறந்தது. ஆனாலும் ஒரு கையும் விடவில்லை. மூன்று எண்ணியதும் எல்லோரும் சேர்ந்து விடலாம் என்றார் தனகோடி. அவர் மூன்று என்றதும் பன்னிரண்டு கைகளும் முன்னைவிட இறுகின. எந்த வீட்டையும் சேராத தரகரை விடச் சொன்னார்கள். இருபது வருஷத் தொழில் கெட்டுப்போகும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு மூக்கு அரித்தது. பாவம், தோளிலேயே தேய்த்துக்கொண்டான். உள்ளே டெலிபோன் அடித்து அடித்து ஓய்ந்தது.

ஜெயப்ரியா குனிந்து வெளியே வரப் பார்த்தாள். முகூர்த்தப் பட்டுக்கு அடியில் கல்யாணப் பெண் நுழைந்தால் ஆகாது என்று ரேணுகாம்பாள் தடுத்துவிட்டாள். மணி மூன்றே முக்கால். பெட்டி வாசற்படி அருகே காத்திருந்தது.

"காலேஜ்ல இத எப்டிம்மா பிரிப்ப?" என்று சிவப்பிரகாசம் மெதுவாகக் கேட்டார்.

"நான் பிரிக்க மாட்டேம்பா. பக்கத்துல இருக்கறதவிட ரொம்பப் புடிச்சது ஒண்ணு கிட்ட வந்தா, அதுவா வுட்டுடும்."

சொல்லிவிட்டு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அழுதிருந்தால் அதட்டியிருப்பார். அவள் அழவில்லை, அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை. பெற்ற மனசு அதைத்தான் தாங்கவில்லை.

சிவப்பிரகாசம் இரண்டு கைகளையும் விட்டார். அரக்குப் பட்டின் முனை தரையில் விழுந்தது. ராஜம்மாள் ஐயோ என்றாள்.

"ஜல்தி போம்மா. பஸ்ஸு வந்துடும்."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மற்ற ஐந்து பேரும் அப்போதும் பிடித்த பிடியை விடாமல் நின்றிருந்தார்கள். தனகோடியின் முகம் சிவந்துவிட்டது.

"அப்போ நீங்கதான் மொதல்ல வுட்டீங்க. நாங்க வுடல."

"ஆமாங்க," என்றார் சிவப்பிரகாசம். "நாந்தான் வுட்டேன்."