இருபத்து நான்கு பேர்

அயுத்தயாவுக்குப் போகிற ஒருநாள் சுற்றுலாவில் எத்தனை பேர் பஸ்ஸில் ஏறுகிறார்களோ, அத்தனை பேர் திரும்பி வருவார்கள். அதே ஆட்கள்தான் வருவார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அச்சடித்துக் கொடுத்த தாளில் இது பதினோராவது விதி.

பாங்காக் ஓட்டல் வாசலில் காலை ஏழு மணிக்கு நின்றுகொண்டு, சென்னியப்பன் பதினான்கு விதிகளையும் விரல் வைத்துப் படித்தார். பதினோராவதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் நாற்பத்தொரு வருஷம் லாரிக்குக் கல் எண்ணிக் கொடுத்தவர் அவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் எண்ணிக்கையில் பிசகியதே இல்லை. முதல் கல்லை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். அப்புறம் இரண்டு, மூன்று. நூறு ஆனதும் கணக்குக்கு அடையாளமாக ஓர் அரைக்கல்லை ஓரமாக எடுத்து வைப்பார். ஏற்றும்போது ஒரு கல் உடைந்தால் அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போடுவார். இது வேறு கல் என்று கல் வாங்கிய எந்த வீட்டுக்காரரும் திருப்பி அனுப்பியதில்லை.

“படிச்சாச்சுங்களா, இல்ல பரீட்சை எழுதப் போறீங்களா?” என்றாள் மனைவி பாவாத்தாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அவருடைய ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைக் கைக்குட்டையில் மதியத்துக்கு ஒரு முடிச்சு, ராத்திரிக்கு ஒரு முடிச்சு என்று முடிந்து கையில் வைத்திருந்தாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்து போகிற முதல் தூரப் பயணம் இது. மகன் அனுப்பி வைத்திருந்தான்.

முன்வரிசையில் ஜன்னல் ஓரம் அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் அவர். வழிகாட்டியின் பெயர் மாலி. தாய்லாந்துக்காரி. தமிழ்ப் பயணிகளை அழைத்துப் போய்ப் போய்த் தமிழ் பழகியவள். கையில் மஞ்சள் குடை.

“நானூத்திப் பதினேழு வருஷம் இது தலைநகரம்,” என்றாள் மாலி. “அப்புறம் எரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஆள் எண்ணிக்கை சரியா நிக்கிறதில்ல. அதனால நாம கொஞ்சம் குடுப்போம், கொஞ்சம் வாங்குவோம். தண்ணி பாட்டில் எல்லாருக்கும் வந்துச்சா?”

முதலில் மூன்று உயரமான கோபுரங்கள் இருந்த இடத்தில் இறங்கினார்கள். எங்கும் செங்கல். சென்னியப்பன் கிட்டே போய்ப் பார்த்தார். மெலிந்த கல், நல்ல வேக்காடு. சுவர் நிழல்களில் பழைய பஸ்கள் விட்டுப்போன ஆட்கள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலருடைய தொப்பியில் கம்பெனிப் பெயர் வெளுத்துப் போயிருந்தது.

திரும்பி ஏறியபோது மாலி இரண்டு தடவை எண்ணி, மூன்றாம் தடவை இருபத்து நான்கு என்றாள். பொள்ளாச்சிப் போஸ்ட்மாஸ்டர் இருந்த இடத்தில் மலேசியாக்காரர் ஒருவர் இருந்தார். போஸ்ட்மாஸ்டரின் மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிஸ்கட்டை நீட்டினாள்.

“உங்களுக்குச் சர்க்கரை உண்டா?”

“இல்லைம்மா.”

“அப்ப நல்லதாப் போச்சு. எடுத்துக்குங்க.”

பாவாத்தாள் சென்னியப்பனின் காதருகே வந்தாள். “ஏனுங்க, என்னை மாத்திப்போட்டா என்ன பண்ணுவீங்க?”

“எண்ணிக்கை சரியா இருக்கோணும் புள்ள. அவ்வளவுதான்.”

“அதானே பாத்தேன்,” என்று சிரித்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சென்னியப்பன் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவர் அல்ல. ஆனால் மாலி தடுமாறி எண்ணியது அவருக்குப் பொறுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “அடுத்த வாட்டி நான் வேணா எண்ணட்டுங்களா?” என்றார். அவள் சந்தோஷமாகக் குடையை அவரிடம் கொடுத்தாள்.

இரண்டாவது இடத்தில் ஒரு மரத்தின் வேர்களுக்கு நடுவே கல்லில் ஒரு புத்தர் முகம் இருந்தது. அந்த முகத்துக்கு மேலே நம் தலை உயரக்கூடாது என்பது அங்கே முறை. உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும். பாவாத்தாள் மண்டியிட்டு உட்கார்ந்து கைகூப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். எழுந்திருக்கப் போனபோது முட்டி பிடித்துக்கொண்டது.

“காலு மரத்துப் போச்சுங்க. ஒரு கை குடுங்க.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பத்தெட்டு. பதினொன்று நாற்பதுக்குப் பஸ். அத்தனை பேர் முன்னால் கை கொடுக்கக் கூச்சமாகவும் இருந்தது.

“நீ பைய வா. நான் போய் எண்ணிட்டிருக்கேன்.”

பஸ்ஸில் எல்லோரும் உட்கார்ந்ததும் குடைக்கம்பை நீட்டி எண்ணினார். பெண்கள் முகத்தை நேராகப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. முழங்கால்களைப் பார்த்து எண்ணினார், இரண்டு முழங்காலுக்கு ஓர் ஆள் என்று. முன்வரிசை ஜன்னல் ஓரத்தில் தொடங்கினார். லாபம். அப்புறம் இரண்டு, மூன்று. கடைசியில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். இருபத்து நான்கு.

“சரிங்க,” என்றார். கதவு மூடியது.

ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடைக்குப் போகும் வழியில் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஏங்க, உங்க வீட்ல தண்ணிக் கஷ்டம் உண்டா?”

வீட்டில் எத்தனை நாளுக்கு ஒருதரம் தண்ணீர் வரும் என்பது பாவாத்தாளுக்குத் தெரியும். சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஓர் அம்மாள். பெயர் செண்பகவல்லி, ஊர் மன்னார்குடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பஸ்ஸில் வந்தவள்.

“உங்க வீட்டம்மா மரத்தடியில எழுந்திரிக்கத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க,” என்றாள். “கதவு தொறந்து கிடந்துச்சு. வந்து உக்காந்துட்டேன். நீங்கதான் முதல்ல என்னை எண்ணினீங்க. ஆறு வருஷத்துல என்னைப் பாத்து லாபம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்.” சற்றுப் பொறுத்து, “மருமக நல்ல மாதிரியா?” என்று கேட்டாள்.

அவர் எழுந்து மாலியிடம் போனார்.

“எம்பட சம்சாரம் அங்கயே நின்னுபோச்சுங்க.”

“எத்தனை பேர் அப்பா?”

“இருவத்தி நாலு.”

“எண்ணினது யார்?”

“நான்தானுங்க.”

“அப்போ தப்பு எங்க?”

சென்னியப்பன் தப்பைத் தேடிப் பார்த்தார். எண்ணிக்கையில் தப்பு இல்லை. உடைந்த கல்லுக்கு மாற்றுக் கல் போட்டபோதெல்லாம் அவர் இப்படித்தான் வீட்டுக்காரர்களிடம் கேட்டிருக்கிறார்.

“ஒருத்தர் இறங்கினா ஒருத்தர் ஏறலாம்,” என்றாள் மாலி. “ரெண்டரைக்குப் பஸ் அந்த வழியாத்தான் திரும்பும். ரெண்டு நிமிஷம் நிறுத்தறேன்.”

அவர் செண்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பையை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இறங்கச் சொல்லி அவளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

“நான் இறங்கிக்கறேனுங்க,” என்றார். “அவளை ஏத்திக்கங்க.”

கடை வந்ததும் இறங்கி, சாப்பிடாமல் ஒரு மூன்று சக்கர வண்டி பிடித்தார். பாவாத்தாளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிட்டுக் கீழே நின்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கை கொடுக்காமல் வந்தது தப்பு. வழியில் இதை ஒன்பது தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

மரத்தடியில் அவள் இல்லை. சுவர் நிழலில் வெளுத்த தொப்பி போட்ட ஒல்லியான ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“பச்சைச் சேலையா? பன்னெண்டே காலுக்குக் குஜராத் பஸ் ஒண்ணுல ஒரு ஆள் குறைஞ்சுதுங்க. கூட்டிட்டுப் போயிட்டாங்க. வரமாட்டேன், எங்க வீட்டுக்காரர் வருவாருன்னாங்க. யார் கேக்கறா? நொண்டிக்கிட்டேதான் ஏறினாங்க.” அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். “இதைக் குடுக்கச் சொன்னாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போடணுமாம். ரெண்டு தடவை சொன்னாங்க.”

சென்னியப்பன் முடிச்சுகளை அவிழ்த்து எண்ணினார். மதியத்துக்கு இரண்டு, ராத்திரிக்கு மூன்று. சரியாக இருந்தது. பழையபடி முடிந்து வைத்துக்கொண்டார்.

இரண்டரைக்குப் பஸ் வந்தது. மாலி உள்ளே இருபத்து மூன்று எண்ணிவிட்டு வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். ஜன்னலில் செண்பகவல்லியும் அவரைப் பார்த்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவர் நகரவில்லை. வேறு ஏதாவது பஸ்ஸில் பாவாத்தாள் மறுபடியும் இங்கேதான் வந்து இறங்குவாள் என்று தோன்றியது.

“நீங்க போகலையா?” என்றார் தொப்பிக்காரர்.

“இல்லீங்க.”

தொப்பிக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறி, காலி இடத்தில் உட்கார்ந்தார். இருபத்து நான்கு. கதவு மூடியது.

மூன்றாம் நாள் காலை சென்னியப்பன் வீட்டுக்குப் போன் செய்தார். மகன் எடுத்தான்.

“நான் அப்பன் பேசறேன் சாமி.”

“யாருங்க? அப்பா இங்க டிவி பாத்துட்டிருக்காருங்களே.”

“அம்மா?”

“அம்மா வாசல்ல தண்ணி புடிச்சிட்டிருக்குதுங்க. கொஞ்சம் இளைச்சிருக்குது, புதுசா ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருக்குது. ஆனா ரெண்டு பேரும் முன்னைவிட நல்லா பேசிக்கறாங்க.”

“எத்தனை பேரு போனாங்க?”

“ரெண்டு பேருங்க.”

“வந்தது?”

“ரெண்டுதானுங்க.”

“அப்ப சரி,” என்று சொல்லிப் போனை வைத்தார்.

பஸ்கள் வந்தன. ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் இறங்குகிறவர்களை எண்ணினார். இப்போது முழங்கால்களைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தார். பதினெட்டு நாளில் மூவாயிரத்து நானூற்றுப் பதினொரு முகம். அதில் பாவாத்தாள் இல்லை. நடுவில் நான்கு பஸ்களில் ஆள் குறைந்து அவரைக் கூப்பிட்டார்கள். மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

தினமும் மாலை ஐந்து மணிக்குக் காக்கிச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் வந்து வாசல் சுவரின் செங்கல்களை எண்ணிவிட்டுப் போவார். சென்னியப்பன் கூடவே நடந்து எண்ணுவார். கேட்டுக் கேட்டு அந்த ஊழியரும் தமிழிலேயே எண்ணப் பழகிவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் மாலை அடிவரிசையில் முதல் கல் இல்லை. ஊழியர் சுற்றிலும் தேடினார். பிறகு சென்னியப்பனைப் பார்த்தார்.

சென்னியப்பன் இடைவெளியைக் கண்ணால் அளந்தார். தோளைக் குறுக்கினால் போதும். அங்கே நின்றால் பஸ்கள் வந்து நிற்கிற இடம் நேராகத் தெரியும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைக்குட்டை முடிச்சு பத்திரமாக இருக்கிறதா என்று பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே போய் நின்றார்.

ஊழியர் அவர் மார்பில் விரலை வைத்து, “லாபம்,” என்றார். அடுத்த கல்லுக்கு நகர்ந்து, “ரெண்டு,” என்றார்.