பச்சைத்தோல் கட்டு

நவம்பர் இருபத்தொன்றாம் தேதி விடியற்காலையில், கணியம்பாடிக்குத் தெற்கே புளியந்தாங்கல் ஏரியை ஒட்டிய தரைப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

மறுநாள் ஜாஸ்மினுக்குக் கம்பெனி வேன் தவறியது. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் அவளுக்கு வேலை. வேன் ஏழு மணிக்கு அக்கரையில் வந்து நிற்கும். சுற்றிப் போக பதினெட்டு கிலோமீட்டர். முதல் பஸ்ஸே எட்டரைக்குத்தான். ஒரு வாரம் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் ஷர்மிளா போனில் சொல்லிவிட்டாள்.

அவள் கணவன் பிரேம்நாத், மீன் ஏலக்காரரிடம் ஒல்லியான ஃபைபர் தோணி ஒன்றை இரவல் வாங்கினான். தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் தூக்கித் தோள்பட்டை கெட்டு, இப்போது பதனிட்ட தோலுக்கு லேக்கர் என்னும் பளபளப்புப் பூச்சு அடிக்கும் பிரிவில் இருந்தான். ஒன்றரை கிலோமீட்டர் துடுப்புப் போட அவனால் ஆகாது. வாடைக்காற்று ஏரிக்குக் குறுக்காக அடித்தது. பாய் கட்டினால் போகவும் வரவும் அதுவே தள்ளும் என்றான்.

பழைய கல்யாண ஃப்ளெக்ஸை முக்கோணமாக வெட்டி, ஷூ நூலால் ஜாஸ்மின் இரட்டைத் தையல் போட்டாள். மூங்கில் பாய்மரம் ஆயிற்று. காற்று பக்கவாட்டில் இழுக்காதிருக்க விளிம்பில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டான். கவிழாமலிருக்க, இரண்டு குறுக்கு மூங்கில்களின் நுனியில், வாயடைத்த பிவிசி குழாய் ஒன்றை மிதவையாக வைத்தான். மூங்கிலைத் தோணியோடு கட்டுவதற்குப் பதனிடாத பச்சைத்தோல் வார்களை எடுத்தான். ஈரமாகச் சுற்றினால் காய்ந்து இரும்பாக இறுகும். டேனரியில் கத்திப்பிடிகளை அப்படித்தான் கட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு வந்த வக்கார் அகமது, தோல் ஊறவைக்கும் தொட்டியில் வேலை செய்பவர்.

"இன்னாடா, கேப்டன் ஆய்ட்டியா? தொப்பி எங்க?"

"கிண்டல் பண்ணாம மரத்தப் புடி பாய்."

வக்கார் காய்ந்த தோல்கட்டைத் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரிதான் கீது. ஆனா பச்சத்தோலுடா. தண்ணி பட்டா இன்னா ஆவும்னு என்ன கேளு."

"மேல லேக்கர் மூணு கோட்டு அடிக்கிறேன். மழையில போடுற ஷூவுக்கே அதான் பாய் அடிக்கிறோம்."

"ஷூவுக்கு உள்ள இருக்கிறது பதம் போட்ட தோலு."

"நீ ஊற வெக்கிற ஆளு. உனுக்கு எல்லாமே ஊறும்."

வக்கார் சிரித்துவிட்டார். ஜாஸ்மினும்தான்.

புதனும் வியாழனும் பன்னிரண்டு நிமிடத்தில் அக்கரை சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை, ஏரி நடுவில் ஜாஸ்மின் சும்மா கட்டின்மேல் கை வைத்தாள். லேக்கர் வெடித்திருந்தது. விரலுக்கடியில் தோல் வெளுத்து, கொழகொழவென்று அமுங்கியது.

"ஏங்க, இது ஊறிப்போச்சு."

அவன் எட்டிப் பார்த்தான். "இத்தினி தூரம் வந்தாச்சில்ல? நைலான் கயிறு வாங்கி சாயந்திரம் மாத்திடறேன்."

"திரும்பறப்ப பாய இறக்கிட்டுத் துடுப்பு போட்டுக்கினே போங்க."

"இந்தத் தோள வெச்சிக்கினா? எட்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்டு."

கரையில் வேன் ஹாரன் அடித்தது. அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றில் ஓடி ஏறினாள். சாலை திரும்பும்வரை ஜன்னல் வழியே பாய் தெரிந்தது. அவன் இறக்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஷர்மிளா வந்து மெஷினை நிறுத்தினாள். தோணி கவிழ்ந்து கிடப்பதாக ஊரிலிருந்து போன் வந்திருந்தது. மிதவைக் குழாய் தனியாகக் கரை ஒதுங்கியிருந்தது. சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, தீயணைப்புப் படையினர் மதகருகே பிரேம்நாத்தின் உடலை எடுத்தார்கள்.