வண்டியை விட்டு இறங்கியவள்

முதல் தேர்வில் நான் தோற்ற கதையை எங்கள் டிப்போவில் ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பதினேழு வருஷம் நான் கண்டக்டர். பஸ் பின்னால் வரும்போதெல்லாம் கண்டக்டர் இறங்க வேண்டும். வண்டியின் பின்பக்கம் நின்று "வரலாம், வரலாம்" என்று சொல்ல வேண்டும். போதும் என்றால் பாடியில் ஒரு தட்டு. ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது இறங்கி ஏறியிருப்பேன். டிரைவர் வேலைக்கான தேர்வில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே பஸ்ஸைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ரிவர்ஸ் கியர் என்று நினைத்ததுமே என் கால் தன் பழைய வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கதவைத் திறந்து இறங்கினேன். விறுவிறுவென்று பின்பக்கம் போய் நின்று, கையைத் தூக்கி, "வரலாம்" என்றேன்.

வண்டி எப்படி வரும்? ஓட்டுகிறவள் நான்தானே.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "மேடம், உள்ள யாரு இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தாளில் ஒரு கோடு போட்டார். சுற்றி நின்று வேடிக்கை பார்த்த கும்பல்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டிப்போ விதிப்படி ஒருவருக்கு இரண்டே வாய்ப்பு. இரண்டாவதும் போனால், ஓய்வு பெறும் வரைக்கும் தோளில் டிக்கெட் பைதான். அடுத்த தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது.

ஏன் இந்த ஆசை என்று கேட்காத ஆள் இல்லை. பதினேழு வருஷமாக டிரைவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போய் வந்துவிட்டேன். முன்கண்ணாடியில் ரோடு வருவதை நான் பார்க்க வேண்டும், வண்டி என் கைக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். இதற்கு மேல் காரணம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் கேட்பதில் முதல் ஆள் மீசை. இருபத்தாறு வருஷ டிரைவர், அந்தப் பட்டப்பெயரைக் கேட்டாலே மீசையைத் தடவிக்கொள்கிற மனுஷன். கேன்டீனில் பத்துப் பேர் முன்னால் ஆரம்பித்தார்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? பையை மாட்டினோமா, டிக்கெட்டக் குடுத்தோமா, வீட்டுக்குப் போனோமான்னு இரு."

"நீங்க ஸ்டியரிங்க புடிக்கும்போது உங்ககிட்ட யாராவது இப்படிச் சொன்னாங்களாண்ணே?"

"நான் ஆம்பளைம்மா."

"அது மீசையிலேயே தெரியுது. ஓட்டுறதுக்கு அதுவா வேணும்?"

கேன்டீனே சிரித்தது. ஆனால் அடுத்த நாளிலிருந்து நான் எந்த வண்டியிலிருந்து இறங்கினாலும் யாராவது ஒருவர், "ஐயோ, இறங்கிட்டாங்கப்பா, வண்டி தானா வருமே" என்று குரல் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அண்ணனால வெளிய தலைகாட்ட முடியலையாம்."

"ஏன், தலைக்கு என்ன வந்துச்சு?"

"விளையாடாதீங்க அண்ணி. நாப்பத்திரண்டு வயசுல இது தேவையா?"

"உங்க அண்ணனுக்கு நாப்பத்தெட்டு. அவரு தலை அவருகிட்ட பத்திரமா இருக்கு. வெச்சுடு போனை."

அவர்களையெல்லாம் ஒரு கை பார்த்துவிடலாம். வீட்டுக்காரர்தான் கஷ்டம். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துகிற வேலை அவருக்கு. அதிர்ந்து பேச மாட்டார். அன்றைக்கும் சட்டையை மடித்துக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னார்.

"ரெண்டாவது தடவையும் போச்சுன்னா அந்தச் சிரிப்பை என்னால தாங்க முடியாது. கடைக்கு வர்றவன்கூடக் கேக்குறான். விட்டுடேன்."

"சிரிக்கப் போறது என்னைப் பாத்துத்தானே?"

"உன்னைன்னா, என்னையும்தான்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரே சிரிக்கட்டும், இந்த ஒரு மனுஷன் மட்டும் "போய் ஓட்டு" என்று சொல்லியிருந்தால் எனக்கு யானை பலம் வந்திருக்கும். சொல்லவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் விடப்போறதில்லைங்க" என்றேன். அவர் அடுத்த சட்டையை எடுத்தார்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் வண்டி கழுவுகிற இடத்துக்குப் போனேன். கழுவின பஸ்களை வரிசையாக நிறுத்த ஆள் தேவைப்பட்டது. லைசென்ஸ்தான் இருக்கிறதே, நான் நிறுத்துகிறேன் என்றேன். அங்கே கழுவுகிற அக்கா ஒருத்தி. நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. நாலு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து பின்பக்கம் வைத்தாள். "வாளி ஒடஞ்சா புதுசு வாங்கிக் குடுத்துடு" என்றாள். மூன்று மாதத்தில் ஆறு வாளி வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரமே நாலு. கடைசி மாதத்தில் ஒன்றுகூட இல்லை. இறங்கத் துடித்த காலை ஒரு வழிக்குக் கொண்டுவரத்தான் நாளாயிற்று. ஒரு தடவை சீட்டோடு சேர்த்து இடுப்பைத் துண்டால் கட்டிக்கொண்டுகூட ஓட்டினேன்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. இந்த டிரைவர்களுக்குத் தெரிந்தது வண்டியின் முன்பக்கம். பின்பக்கத்தைப் பதினேழு வருஷம் முகத்துக்கு நேராகப் பார்த்தவள் நான். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தால் வால் எந்தப் பக்கம் எத்தனை அடி விலகும் என்பது என் கண்ணுக்குள் இருந்தது. கண்ணாடியில் தெரியாத இடத்தைக்கூட என்னால் பார்க்க முடிந்தது.

இரண்டாவது தேர்வன்று டிப்போவில் பாதிப் பேர் வந்து நின்றுவிட்டார்கள். ஓசியில் சினிமா என்றால் விடுவார்களா? நான் ரிவர்ஸ் போட்டதும் வலப்பக்கக் கண்ணாடியில் மீசை தெரிந்தார். கையை ஆட்டி, "ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று கத்தினார். கெட்ட எண்ணம் இல்லை, அப்படி நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது என்று அவ்வளவு உறுதியாக நம்பினார், அவ்வளவுதான். ஒடித்திருந்தால் கம்பம் போயிருக்கும். "இடிக்கப் போவுது" என்று இன்னொரு குரல். "இறங்கிப் பாத்துக்கம்மா" என்று மற்றொன்று, உடனே சிரிப்பு.

இறங்கவில்லை. ஒடிக்கவும் இல்லை. சத்தம் போடுகிறவர்களெல்லாம் என்னோடு சேர்ந்து கம்பத்தில் இடிக்கப் போவதில்லை என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. வண்டி இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போய் நின்றது. இரண்டு பக்கமும் ஒரே முழம். இன்ஸ்பெக்டர் டேப் வைத்து அளந்துவிட்டு, "போதும் மேடம், இறங்கலாம்" என்றார். எத்தனை அடி தள்ளி நின்றது என்பதைப் பற்றி மீசை இன்னும் யாரிடமாவது வாதாடிக்கொண்டிருப்பார்.

பாஸான சேதியை வீட்டில் சொன்னேன். "ம்ம், சரி" என்றார் அவர்.

மூன்றாவது வாரம் எனக்குக் கிடைத்தது கண்ணாடிக் கடை வழியாகப் போகிற வண்டி. சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு அந்த ஸ்டாப்பிங்குக்குப் போனேன். அவர் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் கடைக்காரர்கள் இரண்டு பேரோடு. கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்தார். பிறகு, வேறு வண்டிக்குக் காத்திருப்பவர் மாதிரி ரோட்டின் அந்தக் கோடியைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த இரண்டு பேரும் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

"வாங்க" என்று கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. மற்றவர்கள் ஏறி முடித்தார்கள், கண்டக்டர் பெல் அடித்தார், கதவை மூடிக் கிளம்பினேன்.

ஐம்பது அடி போனதும் கண்ணாடியில் பார்த்தேன். கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார் மனுஷன், ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. ஸ்டாப்பிங் விட்டு நிறுத்தக் கூடாது என்பது விதி. விதியே இல்லாவிட்டாலும் அன்றைக்கு நான் நிறுத்தியிருக்க மாட்டேன். மூன்றாவது கியர் போட்டேன்.

அடுத்த வண்டி நாற்பது நிமிஷம் கழித்துத்தான். அதில் நெரிசலில் நசுங்கி, சட்டை கசங்கி வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்பே கடைசி டிரிப்பை முடித்து, வண்டியை விட்டுவிட்டு, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கையைக் காட்டினேனே, பாக்கலையா?"

"பாத்தேன்."

"நிறுத்தியிருக்கலாம்ல?"

"ஸ்டாப்பிங்ல நிறுத்தினேன்ல."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "நீ நல்லா ஓட்டுறேன்னு அவனுங்க ரெண்டு பேரும் போன் பண்ணிச் சொன்னானுங்க" என்றார் தட்டைப் பார்த்தபடி. அவர்கள் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்?

"நாளைக்கும் அதே நேரமா?"

"அஞ்சு நாப்பது. ஏறுறதுன்னா கதவு திறந்ததும் ஏறணும். நான் காத்துட்டு இருக்க மாட்டேன்."